அளிந்த பழமும் அளவுக் கப்பும்

சத்துவாச்சாரி வீட்டு வசதி வாரியப் பகுதியில் - இங்கே தெருப் பெயரைக் கேட்டால் விழிப்பார்கள், பேஸ் 1, பேஸ் 2 என்று கேட்டால் கூடவே வந்து வீட்டைக் காட்டுவார்கள் - சில பெண்கள் சேர்ந்து போட்ட ஒரு செராக்ஸ் புத்தகம் என் மேசைமேல் கிடக்கிறது. 28 பக்கம். ரோஸ் அட்டை, நடுவில் இரண்டு ஸ்டேப்ளர் பின். அளவுக்கு மீறிப் பழுத்துவிட்ட பழங்களை எறிந்துவிடாமல் வீட்டிலேயே கேக், பன், பிஸ்கட் என்று செய்துகொள்வதற்கு 22 குறிப்புகள். 2020 ஊரடங்கில் போனில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதை மறு வருஷம் எழுதித் தொகுத்திருக்கிறார்கள். இப்போது இரண்டாம் முறை அடிக்கப் போகிறார்கள். தமிழ் எம்.ஏ. படித்தவன் என்பதால் பிழை திருத்தித் தரச்சொல்லி என்னிடம் வந்தது. பிழை திருத்த உட்கார்ந்தவன் நாலு நாளாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கேக் செய்முறைக்கெல்லாம் விமர்சனமா என்று நண்பர்கள் முகம் சுளிக்கலாம். பிரதி, பிரதி என்று முப்பது வருஷத்துக்கு மேலாகச் சிறுபத்திரிகைகளில் பேசிவருகிறோம். பிரதியெடுக்கப்படுவதனாலேயே உயிர் வாழ்கிற ஓர் எழுத்து வகை நம் வீட்டு அலமாரியில்தான் இருந்தது. காலண்டர் தாளின் பின்பக்கத்தில், பால் கணக்கு நோட்டின் கடைசித் தாளில், இன்லண்ட் லெட்டரின் மடிப்பில். எழுதியவர்களும் படித்தவர்களும் பெரும்பாலும் பெண்கள் என்பதால் அதை எழுத்து என்றே நாம் எண்ணவில்லை. ரோலான் பார்த் 1957-இல் வந்த 'மித்தாலஜீஸ்' நூலில் 'எல்' என்ற பெண்கள் பத்திரிகையின் சமையல் பக்கத்தை எடுத்துக்கொண்டு பேசியிருக்கிறார். பளபளவென்று மெழுகி மேலிருந்து படம் பிடித்த அந்தப் பண்டங்கள் தின்பதற்கானவை அல்ல, பார்ப்பதற்கானவை. வாங்க வக்கில்லாத வாசகிக்குக் கண்ணால் போடுகிற விருந்து. நல்ல கட்டுரைதான். ஆனால் பார்த் படத்தைப் பார்த்த அளவுக்குக் குறிப்பின் வாக்கியத்தைப் பார்க்கவில்லை. சத்துவாச்சாரிப் புத்தகத்தில் படமே கிடையாது. வாக்கியம் மட்டும்தான்.

அந்த வாக்கியம் எப்படி இருக்கிறது? 'எடுத்துக்கொள்ளவும்', 'மசிக்கவும்', 'சேர்க்கவும்', 'ஆறவிடவும்'. 22 குறிப்பிலும் '-வும்'. யார் சொல்கிறார்கள், யாரிடம் சொல்கிறார்கள் என்று தெரியாத வினைமுற்று இது. தமிழில் இது வேறு எங்கே வருகிறது என்று பாருங்கள்: 'வரிசையில் நிற்கவும்', 'காலணிகளை வெளியே விடவும்', 'சில்லறையாகத் தரவும்'. அலுவலகச் சுவரின் தமிழ். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் சத்துவாச்சாரியிலேயே இருப்பதால் ஊருக்கே அந்த வாடை அடிக்கிறதோ என்றுகூடத் தோன்றியது. மீனாட்சி அம்மாள் 1951-இல் தன் புத்தகத்துக்கு 'சமைத்துப் பார்' என்று பெயர் வைத்தார். சமைத்துப் பார்க்கவும் என்று வைக்கவில்லை. அந்த 'பார்' ஒருமை. எதிரில் ஒரு பெண், கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போகிற ஒருத்தி, நிற்கிறாள். அவர் எந்தச் சாதியின் அடுப்படியிலிருந்து பேசினார் என்பது வேறு விஷயம், அதுவும் பேசவேண்டியதுதான். ஆனால் பேசினார். இங்கே பேச்சு நின்றுபோய் அறிவிப்பு வந்திருக்கிறது. போனில் சொன்னபோது இவர்களும் 'போடு', 'போட்டுக்கோங்க' என்றுதானே சொல்லியிருப்பார்கள்? எழுத உட்கார்ந்ததும் கை தானாகச் சுவர்த் தமிழுக்குப் போய்விட்டது.

முன்னுரை, பழத்தை வீணாக்கக் கூடாது என்கிறது. சரி. 6-ஆம் பக்கத்து வாழைப்பழ கேக்குக்கு என்ன வேண்டும் என்று கூட்டிப் பார்த்தேன். பழம் 4. அந்த நாலு பழத்தைக் காப்பாற்ற முட்டை 2, சர்க்கரை முக்கால் கப், எண்ணெய் அரைக் கப், மைதா ஒன்றரைக் கப், வெனிலா எசென்ஸ், அப்புறம் குக்கரின் அடியில் உப்பைப் பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, சிறு தீயில் முக்கால் மணி நேரம் காஸ். சிக்கனக் கணக்கில் இது நிற்காது. பழத்தின் விலையைவிடப் பழத்தை மீட்கிற செலவு பல மடங்கு. அப்படியானால் இது காசு மிச்சம் பிடிக்கிற எழுத்து அல்ல, எறிவதற்கு மனம் வராத எழுத்து. அந்த மனத்தை நான் கேலி செய்யவில்லை. ஆனால் இந்தப் பழம் இதற்கு முன்னால் எங்கே போய்க்கொண்டிருந்தது என்ற கேள்வியைப் புத்தகம் கேட்கவே இல்லை. அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். எங்கள் வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தது.

கேள்விக்குப் போகும் முன் ஒரு சொல். புத்தகத்தில் 'நன்கு கனிந்த', 'மிகவும் பழுத்த' என்று வருகிறது, இரண்டு இடத்தில் 'ஓவர் ரைப்' என்றே எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஆயா இதற்கு 'அளிஞ்சது' என்று சொல்வார். 'அளிஞ்ச பழம்டா, அழுவலு இல்ல.' இரண்டும் வேறு என்பதில் ஆயா கறாராக இருந்தார். அழுகியது குப்பைக்கு, அளிந்தது வாய்க்கு. எம்.ஏ. படிக்கும்போது அகராதியில் பார்த்தேன். அளிதல் என்றால் பழம் குழைதல், கனிந்து இளகுதல். அளித்தல் என்றால் கொடுத்தல். அளி என்றால் அருள். குழைந்ததும் கொடுப்பதும் இரக்கமும் ஒரே ஓசைக்குள் கிடக்கின்றன. பழம் தன்னைத் தானே வைத்துக்கொள்ள முடியாத நிலைக்கு வந்ததும் கைமாறியாகவேண்டும். தாமதித்தால் யாருக்கும் இல்லை. இந்தச் சொல் 22 குறிப்பில் ஒன்றில்கூட இல்லை.

அளிந்தது தோல்வியாகக் கருதப்படாத சமையல் நம்மிடம் ஏராளம். யாழ்ப்பாணத்தில் பனங்காய்ப் பணியாரம், பனாட்டு இரண்டுக்கும் பனம்பழம் முற்றப் பழுத்தாகவேண்டும். பழனிப் பஞ்சாமிர்தம் - 2019-இல் புவிசார் குறியீடும் வாங்கியது - நன்றாகக் கனிந்த விருப்பாச்சி வாழை இல்லாமல் இல்லை. கார்த்திகைக்கு அப்பம் சுடுகிற வீட்டில் பழத்தை இரண்டு நாள் முன்பே வாங்கிப் போட்டுக் காத்திருப்பார்கள். இங்கெல்லாம் அளிந்த பழம்தான் செய்முறையின் முதல் நிபந்தனை. கேக்கில்தான் அது 'அடடா, என்ன செய்வது' என்ற திகைப்பாகத் தொடங்குகிறது.

லெவி-ஸ்ட்ராஸ் 1965-இல் சமையல் முக்கோணம் என்று ஒன்று வரைந்தார். பச்சை, சமைத்தது, அழுகியது என மூன்று முனைகள். பச்சையைப் பண்பாடு மாற்றினால் சமைத்தது. இயற்கை மாற்றினால் அழுகியது. தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' 1982-இல் வந்ததிலிருந்து இந்த எதிர்வுகளை வைத்துப் புராணத்தையும் நாட்டார் கதையையும் நாம் அலசியிருக்கிறோம். ஆனால் பாலாற்றங்கரையில், வேலூரிலிருந்து இராணிப்பேட்டை ஒரு பக்கம், ஆம்பூர் வாணியம்பாடி இன்னொரு பக்கம் என்று தோல் நாறுகிற இந்த மண்ணில் நின்று பார்த்தால் முக்கோணத்தில் ஒரு மூலை இடிக்கிறது. அழுகலை இயற்கை செய்கிறது, சரி. அழுகாமல் நிறுத்துவது யார்?

என் தாத்தா தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தவர். உப்புப் போட்டு வருகிற தோல் அழுகலுக்கும் பதத்துக்கும் நடுவே நிற்கிற ஒரு பொருள். அதை அழுகலின் பக்கம் போகவிடாமல் இந்தப் பக்கம் இழுத்துப் போடுவதுதான் பதனிடுதல். அதைச் செய்த கைகளை ஊர் அழுகலின் பக்கத்திலேயே வைத்தது. டி. செல்வராஜின் 'தோல்' (2010) திண்டுக்கல்லை வைத்து எழுதப்பட்டது என்றாலும் அதைப் படிக்கும்போது எனக்குத் தாத்தாவின் முழங்கால்தான் ஞாபகம் வந்தது. சுண்ணாம்பு தின்ற வெள்ளை. பண்பாட்டின் வேலையைச் செய்கிறவரை இயற்கையின் கணக்கில் எழுதுகிற இந்தத் தந்திரத்துக்கு லெவி-ஸ்ட்ராஸின் முக்கோணத்தில் இடம் இல்லை. அதற்கு நம் ஊருக்குத்தான் வரவேண்டும்.

இன்னொன்று. பழத்தின் வேலையும் தோலின் வேலையும் பொருள் அளவிலேயே ஒன்றுக்கொன்று உறவு. வாழைக்காயின் துவர்ப்பு எதுவோ, கடுக்காயும் ஆவாரம்பட்டையும் போட்டுத் தோலைப் பதப்படுத்துவதும் அந்த வகைத் துவர்தான். காய் பழுக்கும்போது துவர் கட்டுண்டு நாக்குக்குத் தெரியாமல் போகிறது. காயில் ஐந்தில் ஒரு பங்கு இருந்த மாவுச்சத்து நன்றாகப் பழுத்ததில் 1, 2 சதவீதமாகக் கரைந்து சர்க்கரையாகிவிடுகிறது. குரோம் ஏற்றிய தோலில் குரோமியம் ஒட்டி நிற்பதற்காகக் கடைசியில் அமிலத்தைத் தணிக்கப் போடுவது சோடியம் பைகார்பனேட். கேக் உப்புவதற்குப் போடுகிற அதே சோடா உப்பு. குக்கர் அடியில் பரப்புகிற கல்லுப்பும், மூட்டை மூட்டையாகத் தோலுக்குப் போகிற உப்பும் அப்படியே. தமிழ் இதை முன்பே பார்த்து வைத்திருக்கிறது: பாகுக்குப் பதம், தோலுக்குப் பதனிடுதல், பழத்துக்குப் பதப்படுத்துதல். நன்னூலில் சொல்லுக்கும் பதம் என்றுதான் பெயர், பதவியல் என்று ஓர் இயலே உண்டு. அது வேறு வேர் என்று ஆசிரியர்கள் அடிக்க வரலாம். வரட்டும்.

இனி அந்தக் கேள்வி. அம்மா 1990-களில் பேஸ் 2-இல் ஒரு வீட்டில் வேலை செய்தார். வீட்டுக்கார அம்மா பள்ளி ஆசிரியை; டீச்சரம்மா என்றுதான் நாங்கள் சொல்வோம். பழம் அங்கிருந்துதான் வரும். வாழை, சப்போட்டா, ஜூலை மாசம் நீலம் மாம்பழம். பின்பக்கக் கேட்டில், கேரிபேக்கில். 'வீணாப் போறதுக்குள்ள எடுத்துட்டுப் போம்மா.' தோல் கறுக்காத வாழைப்பழம் ஒன்றை நான் எட்டு வயசுக்கு மேல்தான் தின்றேன் என்று நினைக்கிறேன். மஞ்சள் பழம் எனக்குச் சப்பென்று இருந்தது. அந்தக் கேட்டிலிருந்துதான் பழைய பாடப்புத்தகங்களும், முதுகு கிழிந்த ஒரு தமிழ் அகராதியும் வந்தன. நான் தமிழ் படித்ததற்கு அந்த அகராதியும் ஒரு காரணம். ஆகவே அந்தக் கேட்டை வெறுமே அவமானத்தின் கேட் என்று எழுத எனக்கு வாய்வராது, கருணையின் கேட் என்றும் எழுத வராது. பழம் கொடுக்கப்பட்டது, ஆனால் தான் தின்ன முடியாது என்று ஆன பிறகுதான் கொடுக்கப்பட்டது. ஆயா அளிஞ்சது என்று பெயர் வைத்து அதை அழுகலிலிருந்து பிரித்தது தன் மானத்துக்காகவும்தான் என்று இப்போது புரிகிறது.

2006-இல் அம்மா வீட்டு வேலையை விட்டுவிட்டு ஷூ கம்பெனிக்குப் போனார். விடிகாலையில் கம்பெனி வேன், இராணிப்பேட்டை பக்கம். டேபிள் வேலை, அப்பர் துண்டுகளுக்குச் சொல்யூஷன் தடவி, ஓரம் மடித்து, சுத்தியால் தட்டுவது. அதற்குப் பிறகு பழம் வருவது நின்றுபோனது. 2020 ஊரடங்கில் கம்பெனி மூடியிருந்தபோது டீச்சரம்மா போன் செய்து நலம் விசாரித்து, கொஞ்ச நாளில் ஆள் மூலம் ஒரு துண்டு வாழைப்பழ கேக் கொடுத்தனுப்பினார். அம்மா அதை ஐந்தாக அறுத்தார். 'முன்ன பழமாவே குடுத்தாங்க நைனா. பழம்னா நாலு வீட்டுக்கு வரும்' என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்காகச் சொன்னார்.

லெவி-ஸ்ட்ராஸ் வேவித்ததை உள் சமையல் என்றும் வாட்டியதை வெளிச் சமையல் என்றும் பிரிப்பார். ஒன்று குடும்பத்துக்கு, மற்றது விருந்தாளிக்கு. கேக் இதில் இரண்டும்கெட்டான். காம்பவுண்டு சுவருக்கு மேலே பக்கத்து வீட்டுக்குத் தட்டில் போகும், அங்கிருந்து இன்னொன்று திரும்பி வரும். பின்பக்கக் கேட் வழியாகப் போனால் துண்டாகத்தான் போகும், ஒன்றும் திரும்பி வராது. செய்முறைப் பரிமாற்றம் என்று நாம் சொல்வதும் இப்படிச் சுவருக்கு மேலே நடப்பதுதான். ஆனால் ஒரே ஒரு தடவை கேட் வழியாக எதிர்த்திசையில் ஒன்று போனது. டீச்சரம்மா அந்தப் போனில் அம்மாவிடம், 'நீ அப்போ பழத்துல அப்பம் மாதிரி ஒண்ணு சுட்டுக் கொடுப்பியே, எப்படிம்மா அது' என்று கேட்டார். அம்மா சொன்னார்.

அது புத்தகத்தில் 19-ஆம் பக்கம். மற்ற 21 குறிப்புக்கும் அடியில் 'திருமதி' என்று தொடங்கிப் பெயரும், பேஸ் எண்ணும் உண்டு. 19-ஆம் பக்கத்தில் மட்டும்: 'எங்கள் வீட்டில் முன்பு வேலை செய்த அம்மா சொன்னது.'

அந்த அம்மா என் அம்மா. பிழை திருத்துகிறவனுக்கு இது தெரியாது என்று அவர்கள் நினைத்திருக்கமாட்டார்கள், நினைத்தே பார்த்திருக்கமாட்டார்கள். வாக்கியம் மரியாதையாகத்தான் இருக்கிறது. 'வேலைக்காரி' என்று போடவில்லை, 'அம்மா' என்று போட்டிருக்கிறார்கள். வேலையை விட்டுப் பதினைந்து வருஷம் ஆன பிறகும் அவரை வேலையால்தான் அடையாளம் காட்டமுடிந்திருக்கிறது என்பதை இந்த மரியாதை நன்றாக மூடிவைக்கிறது. திட்டு வார்த்தையை விமர்சிப்பது சுலபம். மரியாதைச் சொல்லை எங்கே பிடித்து உடைப்பது?

கர்னல் கென்னி-ஹெர்பெர்ட் என்ற வெள்ளைக்காரர் 'வைவர்ன்' என்ற புனைபெயரில் 1878-இல் மெட்ராஸுக்கு என்றே ஒரு சமையல் புத்தகம் போட்டார். அதில் சமையற்காரனுக்குப் பெயர் ராமசாமி. ஒரு ராமசாமி அல்ல. மெட்ராஸில் துரைமார் வீட்டு அடுப்படியில் நின்ற அத்தனை பேரும் ராமசாமிதான். அவன் எங்கே சொதப்புவான், எதைத் தெரிந்தும் மறைப்பான், எப்படிச் சொன்னால் கேட்பான் என்றெல்லாம் புத்தகம் பேசுகிறது. ஆக, எழுத்தில் பெயர் அவருடையது, புனைபெயராகவாவது. கை ராமசாமியுடையது, அவனுக்குப் பொதுப்பெயர். நம் 'அம்மா'வும் அந்தப் பொதுப்பெயரின் வம்சம்தான் என்பது என் எண்ணம்.

பெயரோடு வேறொன்றும் போயிருக்கிறது. விமர்சனமாக நான் சொல்லவந்தது முக்கியமாக இதைத்தான். அம்மா சொன்னது இப்படி. நானே திரும்பச் சொல்லச்சொல்லி எழுதிக்கொண்டேன்:

'நல்லா அளிஞ்ச பழமா ஒரு நாலு எடுத்துக்கினு கையாலயே பெசஞ்சிடு. கரண்டி வாணாம். கையில கட்டி தட்டுப்படும்ல, அதுக்குத்தான். வாயில ஒரு துளி வச்சிப் பாரு, அது எவ்ளோ இனிக்குதோ அதப் பாத்து வெல்லம் போடு. கோதும மாவு அது புடிக்கிற அளவுக்கு. தண்ணி ஊத்தாத. ஒரு சிட்டிக சோடா உப்பு. ஏலக்கா இருந்தா தட்டிப் போடு, இல்லாட்டி வுடு. கொஞ்ச நேரம் கெடக்கட்டும். அப்பறமா எண்ணெயில சுடு.'

19-ஆம் பக்கம் இப்படி: 'கனிந்த வாழைப்பழம் 4, கோதுமை மாவு 1 கப், பொடித்த வெல்லம் முக்கால் கப், சோடா உப்பு கால் டீஸ்பூன். அனைத்தையும் கலந்து பொன்னிறமாகும் வரை பொரிக்கவும்.'

இரண்டையும் செய்து பார்த்தேன். (எனக்குச் சமைக்க வராது. ஆனால் கவிதை எழுத வராதவர்கள் கவிதை விமர்சிக்கிற நாடு இது.) அச்சிட்டதன்படி முதல் தடவை மாவு கெட்டியாகி, அப்பம் உள்ளே வேகாமல் வெளியே கறுத்தது. இரண்டாம் தடவை இன்னும் நன்றாகப் பழுத்த பழத்தை எடுத்தேன். மாவு ஓடியது, எண்ணெயைக் குடித்தது, இனிப்பு திகட்டியது. காரணம் எளிது. அளிந்த பழம் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. மூன்றாம் நாள் பழத்தின் நீரும் இனிப்பும் ஆறாம் நாள் பழத்தில் இல்லை. ரஸ்தாளி ஒன்று, பூவன் ஒன்று. பழுத்துக்கொண்டே இருக்கிற ஒரு பொருளுக்கு நிலையான கப் கிடையாது. 'புடிக்கிற அளவு' என்பதை நாட்டுப்புறத்துப் பெண்ணின் கண்ணளவு என்று நினைத்து, அதை 'சரியான' அளவாக மாற்றியிருக்கிறார்கள். உண்மையில் சரியான அளவு முன்னதுதான். மாவு எவ்வளவு என்பதைப் பழம் சொல்லும், கை கேட்கும். வாயில் வைத்துப் பார்த்து வெல்லம் போடு என்பது இனிப்பை அளக்கும் முறை; முக்கால் கப் என்பது அளக்காமல் விடும் முறை. துல்லியமான பிரதியை எடுத்துத் துல்லியத்தின் தோற்றம் கொண்ட பிரதியாக ஆக்கியிருக்கிறார்கள். மாவு பிசைந்த கையை வெட்டிவிட்டுக் கப்பை வைத்த அதே இடத்தில்தான் பெயரை வெட்டிவிட்டு 'அம்மா'வையும் வைத்தார்கள். இது இரண்டு வேலை அல்ல, ஒரே வேலை.

'சுடு' போய் 'பொரிக்கவும்' வந்ததையும் கவனிக்கவேண்டும். தோசை சுடுவோம், வடை சுடுவோம், அப்பம் சுடுவோம், ரொட்டியும் சுடுவோம். தமிழில் எண்ணெய்ச் சட்டிக்கும் அவனுக்கும் நடுவே இந்தச் சொல் வேலி போடவில்லை. புத்தகத்தில் கேக்குக்கெல்லாம் 'பேக் செய்யவும்', இதற்கு மட்டும் 'பொரிக்கவும்'. முன்னுரையும் 'ஒரு பாரம்பரிய சிற்றுண்டியும் இடம்பெறுகிறது' என்று இதைத் தனியே உட்காரவைக்கிறது. கூட்டத்தில் ஒரு மூலையில் தனி நாற்காலி.

இந்த வாழைப்பழ கேக் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் 1930-களின் பெரும் பொருளாதார வீழ்ச்சியில் 'பனானா பிரெட்' வீடுதோறும் பரவியது. 1933-இல் பில்ஸ்பரி என்ற மாவுக் கம்பெனி போட்ட சமையல் புத்தகத்திலேயே இருக்கிறது. பழக் கம்பெனிகளும் செய்முறைத் துண்டுப்பிரசுரங்கள் போட்டன. வீணாக்காதே என்று இல்லத்தரசிக்குச் சொன்ன அந்த வாழைப்பழம் எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்றால், அதற்குச் சில வருஷம் முன்னால், 1928 டிசம்பரில், கொலம்பியாவின் சியெனாகாவில் யுனைடெட் ஃப்ரூட் கம்பெனித் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்ததற்காக ராணுவம் சுட்டுக் கொன்றதே, அந்த மாதிரித் தோட்டங்களில். மார்க்வெஸை நாம் 'மாய எதார்த்தம்' என்று படித்தோம். 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவலில் ரயில் பெட்டிகளில் வாழைக் குலை போல் அடுக்கிக் கொண்டுபோகிற பிணங்கள் மாயம் அல்ல. பழத்தை வீணாக்காதே என்ற நீதி எப்போதும் பழத்தோடு நின்றுவிடுகிறது.

2020-இல் உலகம் முழுக்க ஊரடங்கில் உட்கார்ந்தவர்கள் திரும்பவும் பனானா பிரெட்டைத் தேடித் தேடிச் செய்தார்கள். அதே நாட்களில், மே 12 அன்று, இதே தோல் பட்டியில் வாணியம்பாடியில், நகராட்சி ஆணையர் சாலையோரப் பழ வண்டிகளைக் கவிழ்த்தார். இடைவெளி விதியை மீறினார்களாம். பழங்கள் ரோட்டில் உருண்ட வீடியோவை நாடே பார்த்தது. எதிர்ப்பு எழுந்தபிறகு அவர் வியாபாரிகளிடம் வருத்தம் தெரிவித்தார், நஷ்டஈடும் கொடுக்கப்பட்டது. வாணியம்பாடி இங்கிருந்து ஒன்றரை மணி நேரத் தூரம். அந்த மாசம் போனில் சொல்லிக்கொண்ட குறிப்புகளின் புத்தகத்தில், வீணாகிற பழத்தைப் பற்றியே பேசுகிற புத்தகத்தில், அதைப் பற்றி ஒரு வரி இல்லை. இருக்கவேண்டும் என்று நான் கட்டளை போடவில்லை. சமையல் குறிப்புக்கு அரசியல் பிரகடனம் ஒட்டவைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் பழம் வீணாவது வீட்டுக்குள், கூடைக்குள், பிரிட்ஜின் மேல்தட்டில் மட்டும்தான் என்று எண்ணவைக்கிற ஒரு சுவர் இந்த வகை எழுத்துக்குள் எழும்பியிருக்கிறது.

புத்தகம் முழுக்க மோசம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 11-ஆம் பக்கத்தில் பேஸ் 3-இலிருந்து ஒருவர் எழுதிய சப்போட்டா கேக் இருக்கிறது. 'நடுவில் அமுங்கிப்போனது. பழம் அதிகமாகப் போட்டுவிட்டேன் என்று நினைக்கிறேன். அமுங்கிய பகுதியை என் மகன் முதலில் சாப்பிட்டான்.' இந்த மூன்று வாக்கியத்துக்காகவே புத்தகத்தைப் பாதுகாத்து வைக்கலாம். '-வும்' உடைந்து ஒரு ஆள் உள்ளே வருகிறார், தப்பு செய்கிறார், தப்பைச் சொல்கிறார். 15-ஆம் பக்கத்து மாம்பழ பன் செய்முறையும் 'மாவு கையில் ஒட்டுகிற வரை' என்று கையைக் கொண்டுவருகிறது. பப்பாளி பிஸ்கட் வெறும் சர்க்கரை. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஷாஹு பாட்டோளே 2015-இல் மராட்டியில் எழுதிய தலித் சமையல் நூலை - 2024-இல் ஆங்கிலத்திலும் வந்துவிட்டது - இந்த நேரத்தில் நினைத்துக்கொண்டேன். எது சமையல் குறிப்பாக எழுதப்படத் தகுதி உள்ளது என்ற கேள்வியை அது நேராகப் போட்டது. பாலாற்றங்கரைக்கு அப்படி ஒன்று எழுதப்படவேண்டும். உப்புத் தோலின் வாடை போகக் கை கழுவிவிட்டு வந்து சமைத்தவர்களின் அடுப்படியிலிருந்து.

திருத்திய பிரதியை டீச்சரம்மாவிடம் கொண்டுபோனேன். முன்பக்கக் கேட் வழியாகத்தான். 19-ஆம் பக்கத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். 'அய்யய்யோ, உங்கம்மா பேரைப் போட்டா அவங்களுக்குச் சங்கடமா இருக்குமோன்னு நெனச்சேம்ப்பா' என்றார். பொய் சொல்லவில்லை என்றுதான் எனக்குப் பட்டது. அதுதான் விஷயத்தைச் சிக்கலாக்குகிறது. 'நீயே எழுதிடு' என்று பேனாவைக் கொடுத்தார்.

எழுதவில்லை, அம்மாவைக் கேட்டுவிட்டு எழுதுகிறேன் என்று வந்துவிட்டேன். அம்மா கம்பெனியிலிருந்து வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தைப் படித்துக் காட்டினேன்.

'பேரு கெடக்குது வுடு. பேரப் போட்டா, அப்பம் வேகலன்னு நாளைக்கு என்னத்தான கேப்பாங்க? இன்னாது அது, ஒரு கப்பு? எந்தக் கப்பு?'

'அளவுக் கப்பும்மா.'

'நம்ம வூட்ல அது ஏது? டீ குடிக்கிற கப்பா, சாமான் வெளக்குற கப்பா? அத மொதல்ல எடு. நா சொன்ன மாதிரி போடு. அப்பறம் பேரப் போட்டுக்கினாலும் சரி, போடாட்டியும் சரி.'

19-ஆம் பக்கம் இப்போது அம்மா சொன்னபடி, 'பெசஞ்சிடு', 'வுடு' எல்லாம் அப்படியே வைத்து, அச்சுக்குப் போயிருக்கிறது. தமிழ் படித்தவர் திருத்திய பக்கத்தில் இத்தனை பிழையா என்று தொகுத்த பெண்களில் ஒருவர் போன் செய்தார். பெயர் அங்கே போடப்பட்டிருக்கிறது. இங்கே போடவில்லை; இந்தப் பத்திரிகையை யார் படிப்பார்கள் என்று அம்மா கேட்டார், சொன்னேன், அப்ப வாணாம் என்றார்.